மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: அக்சஸ் பாயிண்ட் வாங்கிப் பொருத்துவது பற்றி ஆலோசனை தேவை

கேள்வி: நங்கநல்லூர் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் தரைத்தளமும் மாடியுமாக உள்ள தனி வீட்டில் வசிக்கிறோம். என் மாமனார் 1994-இல் கட்டிய வீடு; சுவர்கள் அத்தனையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், இரண்டு தளங்களுக்கும் நடுவே கான்கிரீட் கூரை. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். இணைப்புக் கொடுக்க வந்தவர், வாசலை ஒட்டிய ஹாலில் டிவி அலமாரிக்குள் ஃபைபர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். ஹாலில் எந்தக் குறையும் இல்லை. மாடியின் பின்பக்க அறையில்தான் தொல்லை. என் கணவர் வாரத்தில் மூன்று நாட்கள் அங்கிருந்து அலுவலக வேலை பார்க்கிறார்; மாலையில் மகள் அதே அறையில் படிக்கிறாள். கதவைச் சாத்தினால் வீடியோ அழைப்பு நின்று நின்று வருகிறது, சில நாட்களில் அடியோடு அறுந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு, வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, படிக்கட்டு திரும்பும் இடத்தில் உள்ள பிளக்கில் செருகினோம். செல்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரிகின்றன. ஆனால் வேகத்தை அளந்தால் 15, மிஞ்சினால் 20 எம்பிபிஎஸ். நாளுக்கு இரண்டு முறை அதை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் மூன்று கடைகளில் விசாரித்தேன். ஒருவர், ஒன்றோடொன்று பேசி வீடு முழுவதும் ஒரே வைஃபை தரும் இரண்டு பெட்டிகள் கொண்ட மெஷ் வாங்கச் சொன்னார். இன்னொருவர் ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்றே வீடு முழுவதற்கும் போதும் என்றார். மூன்றாமவர், கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக மாற்றித் தரும், கூரையில் பொருத்தும் வட்டமான அக்சஸ் பாயிண்டைக் காட்டி, கேபிள் இழுக்காமல் எதை வாங்கினாலும் பயனில்லை என்றார். 8,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறோம். இவர்களில் யார் சொல்வது எங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? ஃபைபர் பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழையும் கடவுச்சொல்லை இணைப்பு நிறுவனம் தர மறுக்கிறது. அது இல்லாமல் அக்சஸ் பாயிண்டைச் சேர்க்க முடியுமா? பரணில் ஒரு பழைய ரவுட்டரும் கிடக்கிறது, அது உதவுமா?

பதில்: அடையாறு ஆறுமுனை

அம்மா, மூன்றாவது கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஃபைபர் பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மார்பளவு உயரத்திலாவது, பீரோவோ டிவியோ மறைக்காத இடத்தில் வையுங்கள். ஃபைபர் வயரை மடக்கி ஒடித்துவிடாமல் அகன்ற வளையமாகவே நகர்த்துங்கள். பிறகு வைஃபை அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டு வீடு முழுவதும் நடந்து, ஒவ்வோர் அறையிலும் அது காட்டும் டிபிஎம் அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 65 வரை வீடியோ அழைப்புக்குக் குறையில்லை, மைனஸ் 75-ஐத் தாண்டினால் நீங்கள் சொல்லும் தொல்லைகள் எல்லாம் வரும். செல்பேசியின் கோடுகளை நம்பாதீர்கள். அவை படிக்கட்டில் இருக்கும் ரிப்பீட்டருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் ஹாலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

ரிப்பீட்டரின் குறை அங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த ரிப்பீட்டர், வாங்கிய தகவலை அதே அலைவரிசையில் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது என்பதால் வேகம் எடுத்த எடுப்பிலேயே பாதியாகிவிடும். அதையும் ஏற்கெனவே நலிந்துபோன சிக்னல் வந்து சேரும் இடத்தில் வைத்தால், நலிந்ததைத்தான் அது பெருக்கித் தரும். இரண்டு பெட்டி மெஷ்ஷும் கம்பி இல்லாமல் ஓடினால் இதே சுவர்களோடுதான் போராட வேண்டும். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை உள்ள உயர்ந்த வகை மெஷ் இதைவிட மேல், ஆனால் உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். ஆறு ஆன்டெனா ரவுட்டரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், கையில் உள்ள செல்பேசியின் மெல்லிய குரல் கான்கிரீட்டைத் துளைத்துக் கீழே போய்ச் சேர வேண்டும். கூரைக்குள் ஓடும் முறுக்குக் கம்பிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஆகவே ஹாலில் உள்ள ஃபைபர் பெட்டியின் லேன் துளையிலிருந்து (கணினிக் கேபிள் செருகும் இடம்) மாடிக்கு ஒரே ஒரு கேபிள் இழுங்கள். அதன் முனையில் அக்சஸ் பாயிண்டை வையுங்கள். கடவுச்சொல் இல்லாதது தடையே இல்லை. நீங்கள் வாங்கும் கருவியை அக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்தால், முகவரி வழங்குவது முதலான வேலைகளையெல்லாம் கீழே உள்ள பெட்டியே தொடர்ந்து பார்த்துக்கொள்ளும். அதற்குள் நுழைந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்போதுள்ள வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு வகையையும் புதுக் கருவியில் அப்படியே இடுங்கள். செல்பேசிகள் இரண்டையும் ஒரே வலையமைப்பாக எடுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட 1500, 3000 என்ற பெரிய எண்களை விட்டுவிட்டு லேன் துளையைப் பாருங்கள். கிகாபிட் துளை (1000 எம்பிபிஎஸ்) என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் துளை உள்ளதை வாங்கினால் உங்கள் 200 எம்பிபிஎஸ்ஸில் பாதி வீணாகும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் வைஃபை 6 கருவி இன்றைக்கு உங்கள் தொகைக்குள்ளேயே கிடைக்கிறது. கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் வகையை எடுத்தால் அது எந்த முறை என்று கேளுங்கள். 802.3ஏஎஃப் என்ற பொதுத் தரத்தில் உள்ள இன்ஜெக்டர் (கேபிளுக்குள் மின்சாரம் செலுத்தும் சிறு பெட்டி), எதிரே இருப்பது மின்சாரம் ஏற்கும் கருவிதானா என்று கேட்டறிந்த பிறகே சுமார் 48 வோல்ட்டைச் செலுத்தும். பேசிவ் எனப்படும் 24 வோல்ட் வகை எதையும் கேட்காமல் செலுத்திவிடும். அந்த முனையைத் தவறுதலாகக் கணினியிலோ டிவியிலோ செருகினால் துளை கெட்டுப்போக வாய்ப்புண்டு. அறையில் பிளக் இருந்தால் அடாப்டரே போதும். எதுவானாலும் அந்தப் பிளக்கையும் ஹாலில் ஃபைபர் பெட்டியின் பிளக்கையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிடுங்கள். ஒன்று உயிரோடிருந்து மற்றொன்று அணைந்தால் பயனில்லை.

இடம் பற்றி ஓர் எச்சரிக்கை. வட்ட வடிவக் கருவிகள் கூரையில் தொங்குவதற்கென்றே செய்யப்பட்டவை, குடை விரித்தாற்போல் கீழ்நோக்கிச் சிக்னலைப் பரப்பும். ஆனால் உங்கள் மாடிக்கு மேலே மொட்டை மாடி. கத்திரி வெயிலில் அந்தக் கூரையின் அடிப்புறத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரியும். வீட்டு உபயோகக் கருவிகள் பலவற்றுக்கு 40 டிகிரி வரைதான் உத்தரவாதம். எனவே கூரையை விட்டு, ஏழடி உயரத்தில் உட்சுவரில் பொருத்துங்கள். அதற்கேற்ப மேசையில் நிற்கும் வகையையோ சுவரில் மாட்டும் வகையையோ கேட்டு வாங்குங்கள்.

பதில்: மேற்கு மாம்பலம் வயரிங்

மின்வயரிங், கேமரா வேலைகளில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னவற்றோடு கேபிளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது அங்கேதான்.

தொண்ணூறுகளில் கட்டிய வீடு என்றால் ஹாலிலிருந்து மாடிக்குக் கேபிள் டிவிக்காகவோ தொலைபேசிக்காகவோ சுவருக்குள் தனிப் பைப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை முதலில் தேடுங்கள். பழைய டிவி வயரை உருவி எடுத்துவிட்டு, பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு லேன் கேபிளை இழுத்துவிடலாம். ஒரு முனையில் ஆட்டினால் மறுமுனையில் வயர் அசைகிறதா என்று பார்த்தாலே பைப் அடைத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மின்வயர் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து விடாதீர்கள். 230 வோல்ட் வயரின் மேலுறை எங்காவது உரிந்திருந்தால் அது கருவிக்கும் ஆளுக்கும் ஆபத்து. பைப் இல்லையென்றால் படிக்கட்டுச் சுவரோரமாக, வயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் அடித்துக் கொண்டுபோகலாம். உடைத்துப் பூசுவதைவிட அது எளிது. வெள்ளையடித்தால் கண்ணை உறுத்தாது.

வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம். சாதாரணக் கேபிளின் மேலுறை சென்னை வெயிலில் வெளுத்து நொறுங்கிவிடும். அதைவிட, ஐப்பசி கார்த்திகை மழையில் இடி இறங்கும்போது வெளியே ஓடும் நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரமாக நானே இழுத்துக் கொடுத்த கேபிள், ஓர் இரவு இடியில் இரு முனைத் துளைகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. வீட்டுக்காரரிடம் போய் நின்ற அந்தக் காலையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்ற வீடுகளில் ஃபைபரே போடுகிறேன்.

கேபிள் வாங்கும்போது ஒரு மீட்டர் துண்டை வெட்டித் தரச் சொல்லி, உள்ளே உள்ள கம்பி ஒன்றைப் பிளேடு முனையால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் முழுச் செம்பு. மேற்பூச்சு நீங்கி வெள்ளி போலப் பளபளத்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. நகத்தால் நாலைந்து முறை முன்னும் பின்னும் வளைத்தால் அலுமினியம் பட்டென்று ஒடிந்தும் போகும். விலை மலிவு என்று அதை வாங்கிச் சுவருக்குள் புதைத்தவர்கள் மறுபடி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் தேவைக்குக் கேட் 6 என்ற தர வகைக் கேபிள், முழுச் செம்பு, 25 மீட்டர் போதும். கேட் 5இ கூட 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும்.

பதில்: வேளச்சேரி ஏரிக்கரை

பழைய ரவுட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைத்துப் பார்க்கலாம், ஆனால் நான் செய்த தவறைச் செய்துவிடாதீர்கள். அக்சஸ் பாயிண்ட் முறை இல்லாத பழைய ரவுட்டர் ஒன்றை அப்படியே லேன் துளையில் செருகினேன். இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கத் தொடங்கின. சில கருவிகளுக்குச் சரியான முகவரியும் சிலவற்றுக்குப் போகாத ஊருக்கு வழியும் கிடைத்தது. ஒரு வாரம் வரை, என் தங்கையின் செல்பேசியில் இணையம் வருகிறது, அம்மாவின் செல்பேசியில் ஏன் வரவில்லை என்று புரியாமல் தவித்தோம்.

அதற்குச் செய்ய வேண்டியது இதுதான். பழைய ரவுட்டரைத் தனியாகக் கணினியோடு இணைத்து, முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணையுங்கள். கீழே உள்ள பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 போல ஒரே வரிசையில் வேறு முகவரி கொடுங்கள், கீழ்ப்பெட்டி மற்றவர்களுக்கு வழங்கும் முகவரிகளுக்குள் அது வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளை, வெளி இணைய இணைப்புக்கான அதன் வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். ஆனால் அடியில் ஒட்டியுள்ள தாளில் 300 எம்பிபிஎஸ் என்று இருந்தால் அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள, 100 எம்பிபிஎஸ் துளை வைத்த கருவி. கேபிள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அதை வைத்துக்கொண்டு, நிரந்தரப் பயன்பாட்டுக்குப் புதியது வாங்குவதே நல்லது.

மறுமொழி: நங்கநல்லூர் வாசகி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்ததுமே ஹாலை ஒட்டிய சமையலறையில் மைனஸ் 71 என்று இருந்தது மைனஸ் 60 ஆனது. மாடிப் பின்னறையில் மட்டும் மைனஸ் 80-க்குக் கீழேதான். கதவைச் சாத்தினால் மைனஸ் 84. டிவிப் பைப்பைக் கண்டுபிடித்தோம், வயர் அசைந்தது. அருகில் உள்ள எலக்ட்ரீஷியன் தம்பி அரை நாளில் கேபிளை இழுத்துக் கொடுத்தார். பிளேடால் சுரண்டிப் பார்த்தே வாங்கினேன். இரண்டாவது கடையில்தான் சிவப்புக் கிடைத்தது. வைஃபை 6 கருவி, கிகாபிட் துளை, அக்சஸ் பாயிண்ட் முறை, அதே பெயர், அதே கடவுச்சொல். அறைச் சுவரில் ஏழடி உயரத்தில் இருக்கிறது. இப்போது மேசையருகே மைனஸ் 46.

வீடியோ அழைப்பு அறுவதே இல்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம். ஹாலில் 195 வருகிறது, மாடியில் எத்தனை முறை அளந்தாலும் 93, 94 என்றே நிற்கிறது. அதற்கு மேல் ஒரு முறைகூடப் போகவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: அடையாறு ஆறுமுனை

கருவியில் கோளாறு இல்லை, கேபிள் முனையில்தான் இருக்க வேண்டும். 94 என்ற எண்ணே அதைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில் தகவலைச் சுற்றிவரும் முகவரி, சரிபார்ப்பு ஆகியவற்றுக்கான இடம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 94 தான். வைஃபை பலவீனமாக இருந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி ஒரே இடத்தில் அசையாமல் நிற்காது.

கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டும் போதும். ஆகவே நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி தொடாமல் இருந்தால் இரு கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து, எட்டுக் கம்பிகளின் முனைகளும் முன்பக்கக் கண்ணாடிச் சுவரைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தம்பியிடம் டெஸ்டர் இருந்தால் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிய வேண்டும். மறுபடி கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) இரு முனைகளிலும் ஒரே வரிசை இருக்கட்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

பதில்: திருவான்மியூர் கடற்காற்று

சகோதரி, இது சரியான பிறகு கவனிக்க ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு அக்சஸ் பாயிண்டுகள் உள்ளன. மாடியிலிருந்து பேசிக்கொண்டே இறங்கி வந்தால் செல்பேசி நெடுநேரம் மாடிக் கருவியையே பற்றிக்கொண்டிருந்தது. எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் செல்பேசிதான் முடிவு செய்கிறது. மாடிக் கருவியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியைக் குறைவு என்ற நிலைக்கு இறக்கியதும் மாற்றம் சீக்கிரம் நடந்தது. 2.4-இல் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் அந்த மூன்றுதான், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அக்கம்பக்கத்து வீடுகளும் அதிலேயே நெரிசலாக இருப்பதால் முக்கியமான வேலைகள் 5 கிகாஹெர்ட்ஸில் நடக்கட்டும். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்ததிலிருந்து அங்கே இடத்துக்குக் குறைவில்லை. அதில் கீழே சேனல் 36, மேலே 149 என்று வைத்துவிட்டால் ஒன்றையொன்று தொடாது.

மறுமொழி: நங்கநல்லூர் வாசகி

மாடி முனையில்தான் பிழை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஏழு கம்பிகள் முன்சுவரைத் தொட்டன. கடைசியில் இருந்த பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நெல்முனை அளவு பின்தங்கி நின்றது. தம்பி வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டார். மாடியில் இப்போது 194. ஹாலில் 36, மாடியில் 149 வைக்க நினைத்தோம். கீழ்ப்பெட்டியின் சேனலை நம்மால் மாற்ற முடியாதே என்று இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர்களே அங்கிருந்து மாற்றிக் கொடுத்தார்கள். மாடியின் 2.4 சக்தியையும் குறைத்துவிட்டோம். நேற்று கணவர் அழைப்பில் பேசியபடியே படியிறங்கி வாசல்வரை வந்தார்; எதிர்முனையில் இருந்தவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லையாம்.

மொத்தச் செலவு கேபிள், கூலி, கருவி எல்லாம் சேர்த்து 6,700 ரூபாய். கேபிளில் மிஞ்சிய நான்கு மீட்டரைப் பைப் வாயில் சுருட்டி வைத்திருக்கிறோம், நாளைக்கு அறையில் மேசையை இடம் மாற்றினால் எட்ட வேண்டும் என்பதற்காக. இரு முனைகளிலும் ஹால், மாடி என்று எழுதி ஒட்டியும் ஆயிற்று.